புத்தகத்தில் இருக்கும் ஸ்வரமும் மேடையில் கேட்கும் பாட்டும்

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். ஸ்வரப் புத்தகத்தைப் பார்த்து கீபோர்டில் ஒரு எழுத்து விடாமல் வாசித்தும் தோடி ராக வர்ணம் (ராகத்தைப் பழக்கும் பாட்டு வகை) தோடி மாதிரியே இல்லையே, தப்பு புத்தகத்திலா என்னிடமா என்பது ஒன்று. கர்நாடக சங்கீதக் கச்சேரியில் எதிரில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் இரண்டரை மணி நேரம் பாடுகிறார்களே, அதில் எவ்வளவு வீட்டிலேயே தயாரித்தது, எவ்வளவு அந்த நிமிஷத்தில் பிறந்தது, மனோதர்மம் (மேடையிலேயே கற்பனை செய்து பாடுவது) என்று சொல்வதெல்லாம் மனப்பாடம்தானா என்பது இன்னொன்று. சேர்த்துப் பார்த்தால் உண்மையில் நீங்கள் கேட்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது: இந்த சங்கீதம் எங்கே இருக்கிறது, தாளிலா, ஆளிடமா? நான் பல வருஷமாகப் பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கிறவன். அடுத்து என்ன பாட்டு வரப்போகிறது என்பதே பல சமயம் மேடையில் பாடகர் வாயைத் திறந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். தாளக் கணக்கைப் பற்றி ஒரு மிருதங்க வித்வானிடம் கேட்டால் இதைவிட நுணுக்கமாகச் சொல்வார், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் தோடி. புத்தகத்தில் க என்று ஒரே எழுத்து இருக்கும். அது காந்தாரம் என்ற ஸ்வரத்தில் 'சாதாரண காந்தாரம்' என்று பெயர் கொண்ட வகை, உங்கள் கீபோர்டில் அதற்கு ஒரு கட்டை உண்டு, அழுத்தினால் ஆடாமல் அசையாமல் ஒலிக்கும். தோடி பாடுகிறவர் அந்தக் கட்டையில் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் (ரி) பக்கத்திலிருந்து கிளம்பி மத்யமத்தை (ம) தொட்டுவிட்டு இறங்கி, மறுபடி மேலே போய், அப்படி அசைந்துகொண்டே இருப்பார். அந்த அசைவு முழுவதற்கும் சேர்த்துத்தான் புத்தகத்தில் க என்று ஒரு எழுத்து போட்டிருக்கிறார்கள். வயலினில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது விரலை எங்கே வைப்பது என்பதைவிட எங்கிருந்து எங்கே இழுப்பது, எவ்வளவு வேகத்தில் இழுப்பது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். அதே தோடியில் ஸ ரி க ம என்று வேகமாக ஏறும்போது இந்த அசைவுக்கு நேரம் கிடையாது, காந்தாரம் சின்னதாகச் சுருங்கிவிடும். ஆக ஒரே எழுத்துக்கு ஒரே ராகத்திலேயே இரண்டு மூன்று உருவம். எங்கே எது என்று புத்தகம் சொல்லாது, ஏனென்றால் அந்தப் புத்தகத்தைத் திறக்கிறவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதியது அது. ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசையிலேயே இது தொடங்கிவிடுகிறது. ஸஸ ரிரி கக என்று எழுதியிருக்கும். வாத்தியார் பாடும்போது இரண்டாவது ஸ்வரத்தைக் கீழே இருக்கும் ஸ்வரத்திலிருந்து ஒரு சுண்டு சுண்டி எழுப்புவார், ஸ்புரிதம் என்று அதற்குப் பெயர். எந்தப் பாலபாடப் புத்தகத்திலும் அந்தச் சுண்டலுக்குக் குறி போட்டு நான் பார்த்ததில்லை. வாத்தியாரைக் கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளைகளுக்கு வருகிறது.

இந்த அசைவுகளுக்கெல்லாம் பொதுப்பெயர் கமகம். அது ஸ்வரத்தின் மேல் தூவும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்கள். இரண்டுக்கும் ஆரோகணம் (ஏறும் வரிசை) ஸ ரி ம ப த ஸ, அவரோகணம் (இறங்கும் வரிசை) ஸ நி த ப ம க ரி ஸ. தாளில் எழுதினால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே கிடையாது. ஆனால் கொஞ்சம் கேள்வி ஞானம் உள்ளவர்கூட இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார். ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் பட்டும் படாமலும் ஓடிவிடும், நடையில் ஒரு துடிப்பு இருக்கும். தேவகாந்தாரி நிதானமானது, ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிக்கொண்டு இறங்கும், காந்தாரத்தில் நின்று அசையும், சில பிடிகள் (ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரத் தொடர்கள்) அதற்கே சொந்தம். இரண்டையும் இரண்டு ராகமாக ஆக்குவது கமகமும் காலப்பிரமாணமும் (வேகம்) சஞ்சாரமும் (ஸ்வரங்களைக் கோத்துப் போகும் வழி)தான். இந்த மூன்றில் சஞ்சாரத்தை மட்டும்தான் சாதாரண ஸ்வரக் குறிப்பு ஓரளவு பிடித்து வைக்கிறது. கீபோர்டில் வாசித்தால் அந்த ஓரளவுதான் உங்களுக்குக் கிடைக்கும். தப்பு உங்களிடமும் இல்லை, புத்தகத்திடமும் இல்லை. அந்தப் புத்தகம் எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு வெளியே அதைப் பயன்படுத்துகிறீர்கள், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் எழுதிவைக்க யாருமே முயலவில்லையா என்றால், ஒருவர் முயன்றார், அதுவும் எப்பேர்ப்பட்ட முயற்சி! சுப்பராம தீட்சிதர். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதருக்கு மகள் வழிப் பேரன், அவருக்கே சுவீகார புத்திரன். (ஐரோப்பிய வாத்தியமான வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி அந்த பாலுஸ்வாமி தீட்சிதர் என்பதால் எங்களைப் போன்ற வயலின்காரர்களுக்கே அந்தக் குடும்பத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு.) 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெரிய நூலில், தெலுங்கு எழுத்தில், முத்துஸ்வாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்தித் தந்தார். அதோடு நிற்கவில்லை. கம்பிதத்துக்கு ஒரு குறி, ஸ்புரிதத்துக்கு ஒரு குறி, நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஓரிகை என்று ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனி அடையாளம் வைத்து ஸ்வரங்களின் மேல் போட்டிருக்கிறார். ஏ. எம். சின்னசாமி முதலியார் என்பவர் விடாமல் வற்புறுத்தியதும் எட்டயபுரம் சமஸ்தானம் ஆதரித்ததும் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் வந்திருக்காது. அந்த முதலியார் அதற்கு முன்பே, 1890-களில், நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்து கோட்டு முறையில் எழுதி வெளியிட்டவர். சென்னை மியூசிக் அகாடமி பிற்பாடு சம்பிரதாய பிரதர்சினியைத் தமிழ் எழுத்திலும் கொண்டுவந்தது.

அவ்வளவு நுணுக்கமாக எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்று இரண்டு வித்வான்கள் தனித்தனியாக ஒரு கீர்த்தனையைப் பாடம் பண்ணினால் இரண்டும் ஒன்றாக வருமா? வராது. கம்பிதம் என்று குறி இருக்கும். எத்தனை தடவை அசைவது, எவ்வளவு அகலம், எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அவரவர் காதில் ஊறிப்போன வழக்கம்தான் தீர்மானிக்கும். 1904-இல் அந்தக் குறி எப்படி ஒலித்தது என்பதற்கு ஒலிப்பதிவு இல்லை. என்றாலும் அந்த நூல் இல்லாவிட்டால் பல அபூர்வ ராகங்களின் பழைய உருவமே நமக்குத் தெரிந்திருக்காது, ஆகவே அதைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தியாகராஜர் (1767–1847) போன்ற ஒரு வாக்கேயக்காரரின் (பாட்டு இயற்றியவரின்) கீர்த்தனையில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது? சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள், பெரும்பாலும் உறுதி. ராகம், தாளம் பெரும்பாலும் உறுதி, விதிவிலக்குகள் உண்டு. பல்லவி, அனுபல்லவி, சரணத்தின் எலும்புக்கூடு, அதாவது எந்தச் சொல் தாளத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்பது, எல்லாப் பாடாந்தரங்களிலும் (குரு வழி வந்த பாட வடிவங்களிலும்) ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அதற்கு மேல் போனால் சந்தேகம்தான். அவர் சொல்லிக்கொடுத்தார், சிஷ்யர்கள் எழுதிவைத்துக்கொண்டார்கள். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று சிஷ்ய வழிகள் கிளம்பின. வாலாஜாபேட்டை வழியின் சுவடிகள் மதுரையில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஒரே கீர்த்தனை வழிக்கு வழி மாறும், சங்கதிகளின் எண்ணிக்கை மாறும். பல்லவியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே போகும் சங்கதி என்ற உத்தியை ஒரு பெரிய கட்டடமாக எழுப்பியவர் தியாகராஜர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இன்று நாம் கேட்கும் ஒரு கீர்த்தனையின் பத்து சங்கதிகளில் எத்தனை அவருடையவை, எத்தனை பின்னால் வந்த வித்வான்கள் சேர்த்தவை என்று பிரித்துக்காட்ட யாராலும் முடியாது. எந்தப் பாட்டு எந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்தது என்று சொல்லப்படும் கதைகளையும் நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை, கேட்க அழகாக இருக்கும் என்பது வேறு.

நகுமோமு கீர்த்தனை இதற்கு நல்ல உதாரணம். ஆபேரி ராகம் என்று எல்லோருக்கும் தெரியும், இன்று அதைச் சதுச்ருதி தைவதத்தோடு (த ஸ்வரத்தின் மேல் வகை) பாடுகிறோம். சம்பிரதாய பிரதர்சினியில் இருக்கும் ஆபேரியோ சுத்த தைவதம் (த ஸ்வரத்தின் கீழ் வகை) உடையது, முத்துஸ்வாமி தீட்சிதரின் வீணாபேரி கீர்த்தனை அந்த உருவத்தில்தான் இருக்கிறது. நகுமோமுவையும் முன்பு சுத்த தைவதத்தில்தான் பாடினார்கள் என்று சொல்லும் வித்வான்கள் உண்டு. முசிரி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டு ஊரெல்லாம் ஒலித்த பிறகு இன்றைய உருவம் அசைக்க முடியாதபடி நிலைத்துவிட்டது. தியாகராஜர் பாடியது எது? சுத்த தைவதம் என்ற பக்கத்துக்கே எனக்குச் சாய்வு, ஆனால் அது சாய்வுதான், முடிவு இல்லை. அதற்காக இன்றைய நகுமோமுவைத் தப்பு என்று ஒதுக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். மூன்று நான்கு தலைமுறை அதைப் பாடிப் பாடி அதற்கென்று ஒரு ராக உருவமே உண்டாகிவிட்டது.

ஒலிப்பதிவு செய்த வேலையையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். இசைத்தட்டுக்கு முன்னால் ஒரு பாட்டுக்குப் பல பாடாந்தரங்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் சண்டையில்லாமல் வாழ்ந்தன. தட்டு, ரேடியோ, கேசட் எல்லாம் வந்த பிறகு, புகழ்பெற்ற ஒருவர் பாடியதே அந்தப் பாட்டின் உண்மை உருவம் என்ற எண்ணம் வந்துவிட்டது. இன்று இளம் பாடகர் ஒருவர் தன் குருவின் வழியில் ஒரு சங்கதியைப் பாடினால், 'இது தப்பு, இன்னார் இப்படிப் பாடவில்லையே' என்று சொல்ல ஆள் இருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இயற்றுவது எப்படி என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். வாக்கேயக்காரர் என்றாலே சொல்லையும் இசையையும் சேர்த்தே செய்கிறவர். மாது என்று சாகித்தியத்தையும் தாது என்று வர்ணமெட்டையும் சொல்வார்கள். பல்லவியில் ஒரு வரி பிறக்கிறது, அது தாளத்தில் எங்கே எடுக்கிறது என்பதும் கூடவே பிறக்கிறது. தியாகராஜரின் ஏராளமான கீர்த்தனைகள் ஆதி தாளத்தில் முதல் தட்டிலிருந்து ஒன்றரை இடம் (ஒன்றரை எண்ணிக்கை) தள்ளித்தான் தொடங்கும், எடுப்பு என்று சொல்லும் அந்தத் தொடக்க இடமே அவற்றுக்கு ஒரு உந்துதலைக் கொடுக்கிறது. அனுபல்லவி எதுகையில் பல்லவியோடு பொருந்தி மேல் ஸ்தாயிக்கு ஏறும். தீட்சிதர் விளம்பத்தில் நிதானமாக நடத்திக்கொண்டு போய்க் கடைசியில் மத்யமகால சாகித்தியம் வைத்து வேகத்தை இரட்டிப்பார். சியாமா சாஸ்திரி மிஸ்ரசாபு தாளத்தில் செய்த வேலை தனி அழகு. சொல்லும் மெட்டும் வேறு வேறு கையிலிருந்து வருவதும் உண்டு. அருணகிரிநாதர் திருப்புகழுக்குச் சந்தம் தந்துவிட்டுப் போனார், அவர் பாடிய மெட்டு நமக்கு வந்து சேரவில்லை. இன்று நாம் பாடும் மெட்டுகள் பின்னால் வந்தவர்கள் அமைத்தவை. ஆனாலும் சந்தமே தாளத்தைக் கட்டிப்போட்டிருப்பதால் அந்த மெட்டுகள் தறிகெட்டுப் போக முடியாது. அங்கே பாட்டு எழுத்துக்குள்ளேயே பாதி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வேன்.

இளையராஜா முழுப் பாட்டையும் ஐந்து கோட்டில் எழுதிக்கொடுத்துவிடுகிறாரே, கர்நாடக சங்கீதத்தில் மட்டும் ஏன் முடியாது என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே தேவை வேறு. முப்பது நாற்பது வாத்தியக்காரர்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு ஸ்வரங்களை வாசித்து, அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்றால் எழுதித்தான் ஆக வேண்டும், ஒருவர் நினைத்தபடி இழுத்தால் மொத்தமும் கலைந்துவிடும். நம் கச்சேரியில் ஒரே ஒரு இசைக் கோடு. பாடுகிறவர் இழுக்கிறார், வயலின் அதே கோட்டை ஒரு கணம் பின்னால் தொடர்கிறது. ஒரே கோடாக இருப்பதால்தான் அதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கிற சுதந்திரம் இருக்கிறது. ஒருவருக்குத் தேவைப்பட்டது இன்னொருவருக்குத் தேவைப்படவில்லை, இதில் ஏற்றத்தாழ்வு ஒன்றும் இல்லை.

இப்போது மனோதர்மம். ஆலாபனை, தானம் (தாளமில்லாமல் ஒரு துடிப்போடு ராகத்தைப் பாடுவது), நிரவல், கல்பனாஸ்வரம் இவைதான் முக்கியமானவை, விருத்தத்தையும் (செய்யுளைத் தாளமில்லாமல் ராகத்தில் பாடுவது) சேர்த்துக்கொள்ளலாம். இவை எல்லாவற்றிலும் தயாரிப்பின் அளவு ஒரே மாதிரி இல்லை என்பதுதான் உங்கள் கேள்விக்குச் சரியான பதில்.

ஆலாபனைக்குத் தாளம் இல்லை, சொல் இல்லை. பாடகர் ராகத்தின் ஒரு பிடியில் தொடங்கி, கீழ் ஸ்தாயி, மத்திய ஸ்தாயி, தார ஸ்தாயி என்று ஒவ்வொரு முக்கிய ஸ்வரமாக நின்று நின்று மேலே போவார். இந்தப் பாதை ஏறக்குறைய எல்லோருக்கும் பொது, முன்பே தெரிந்தது. பிடிகளும் முன்பே தெரிந்தவை. காம்போதி என்றால் ஸ நி ப த ஸ என்ற பிடி வந்தே தீர வேண்டும், அதில் வரும் நிஷாதம் அந்த ராகத்துக்கு வெளியிலிருந்து வரும் காகலி நிஷாதம் என்றாலும்கூட. ஆக வார்த்தைகள் பழையவைதான். எதற்குப் பிறகு எது வருகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிற்பது, ஒரு ஸ்வரத்தை மையமாக வைத்து எவ்வளவு தூரம் சுற்றுவது என்பது அன்றைக்கு அன்றைக்குப் புதிது. டி. என். ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் தோடியை மணிக்கணக்காக வாசித்தார் என்பார்களே, அவ்வளவு நேரத்துக்கு மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது. அதே சமயம் தோடியின் அத்தனை பிடிகளும் குழந்தைப் பருவத்திலிருந்து உடம்பில் ஏறியிராதவர் அவ்வளவு நேரம் வாசிக்கவும் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது எனக்கு இது நன்றாகத் தெரியும். பத்துக்கு எட்டு தடவை பாடகர் எந்த ஸ்வரத்தில் போய் நிற்பார் என்று முன்கூட்டியே ஊகித்துவிடுவேன், வில் அங்கே காத்திருக்கும். மீதி இரண்டு தடவை எதிர்பாராத இடத்துக்குப் போவார், அப்போது வயலின் தடவித் தடவித்தான் போய்ச் சேரும். எனக்கு அந்த இரண்டுதான் வீட்டுக்குப் போன பிறகும் நினைவில் இருக்கிறது.

நிரவலில் சொல் மாறாது. சரணத்திலோ அனுபல்லவியிலோ ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் தத்தம் இடத்தில் விழும்படி வைத்துக்கொண்டு, மெட்டை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவது. முசிரியின் நிரவலைக் கேட்டால் அந்த வரியின் பொருளே கனிந்து வரும். இதைத் தயாரித்துக்கொண்டு வருவது கஷ்டம், ஆகவே என் அனுபவத்தில் கச்சேரியின் மிக நேர்மையான பகுதி நிரவல்தான். ராகமும் தாளமும் சாகித்தியமும் மூன்றும் சேர்ந்து ஒருவருக்கு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கின்றன என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கல்பனாஸ்வரம், அதாவது ஸ ரி க ம என்ற எழுத்துகளையே கற்பனையாகக் கோத்துப் பாடுவது, அதுதான் நீங்கள் சந்தேகப்படுகிற இடம், அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஸ்வரத்தை இரண்டு விதமாகப் பாடலாம். சர்வலகு என்று, தாளத்தின் ஓட்டத்தோடு இயல்பாக மிதந்துகொண்டு பாடுவது ஒன்று. மதுரை மணி ஐயர் அதில் மன்னர், அவர் பாடும் ஸ்வரம் கேட்பதற்குக் கணக்கு தெரிய வேண்டியதே இல்லை. இன்னொன்று கணக்கு, அது கோர்வையில் (கணக்காகக் கோத்து முடிக்கும் தொடரில்) போய் முடியும். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், அடிப்படை எளிது. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை, மொத்தம் 32. ஆறு மாத்திரை வரும் ஒரு ஸ்வரக்கோவையை மூன்று தடவை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டுப் பாடினால் 6+2+6+2+6, அதாவது 22. பாட்டு சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) எடுப்பு என்றால் ஆவர்த்தனத்தில் 10 மாத்திரை போன பிறகு இதைத் தொடங்கினால் சரியாகச் சமத்தில் வந்து விழும். எடுப்பு ஒன்றரை இடம் என்றால் 6 மாத்திரை தள்ளி இறங்க வேண்டும், ஆகவே 16 மாத்திரை கழித்து, லகு (தாளத்தின் முதல் நான்கு அட்சரம்) முடிந்து முதல் த்ருதத்தின் தட்டு விழும் இடத்தில் தொடங்கினால் போதும். இந்த மாதிரிச் சின்னத் தீர்மானங்களை நல்ல பயிற்சி உள்ளவர் மேடையிலேயே செய்துவிடுவார், விரலை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார், அந்த இடம் அவருக்கு உடம்பிலேயே தெரியும்.

ஆனால் கடைசியில் வரும் நீளமான கோர்வை, ஒவ்வொரு தடவையும் தேய்ந்துகொண்டே போய் பிறகு மூன்று மடங்காக விரிகிற மாதிரி வருவது, அது பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்து, பாடிப் பழகிக்கொண்டு வந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. மிருதங்கக்காரரும் நானும் அதைக் கேட்டதும் புரிந்துகொள்வோம்: அதுவரை அங்கங்கே உலாவிக்கொண்டிருந்த ஸ்வரம் திடீரென்று இறுகிவிடும், காலப்பிரமாணம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். தயாரித்தது என்பதற்காக அது மட்டமாகிவிடாது. ராகத்தை விட்டுவிட்டு வெறும் எண்களை அடுக்கும்போதுதான் எனக்குச் சலிப்பாக இருக்கிறது, அது தயாரித்ததாக இருந்தாலும் சரி, அப்போதே தோன்றியதாக இருந்தாலும் சரி.

ராகம் தானம் பல்லவி என்ற கச்சேரிப் பகுதியில் பல்லவி வரி, தாளம், எடுப்பு எல்லாம் முன்பே முடிவானவை. இன்று பல பாடகர்கள் மேடை ஏறுவதற்கு முன்பே பக்கவாத்தியக்காரர்களிடம் தாளத்தையும் எடுப்பையும் சொல்லிவிடுகிறார்கள், அது நல்ல வழக்கம் என்றுதான் சொல்வேன். அந்த வரியை மூன்று காலத்தில் பாடுவதும் பயிற்சியில் வருவது. அதற்குள் செய்யும் நிரவலும் ஸ்வரமும்தான் அன்றைய சமாசாரம்.

கீர்த்தனையையே எடுத்துக்கொள்ளுங்கள், அது நிர்ணயமானதுதானே என்றால், அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. எனக்குத் தெரியாத கீர்த்தனையைப் பாடகர் எடுத்துவிடுவது உண்டு. என்ன செய்வோம் தெரியுமா? ஒரு சங்கதியைப் பொதுவாக இரண்டு தடவை பாடுவார்கள். முதல் தடவை ராகத்தையும் தாளத்தையும் வைத்துக்கொண்டு ஊகித்துத் தொடர்வோம், இரண்டாவது தடவை ஏறக்குறைய சரியாகப் பிடித்துவிடுவோம். சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. ராகம் தெரிந்தவனுக்கு, கேட்டிராத கீர்த்தனைகூட முற்றிலும் புதிது இல்லை, ஏனென்றால் கீர்த்தனை அந்த ராகத்தின் பிடிகளால் கட்டப்பட்டது. திருப்பிச் சொன்னால், ராகம் என்பதே நமக்குக் கீர்த்தனைகள் வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பச்சிமிரியம் ஆதியப்பையாவின் விரிபோணி வர்ணத்தை ஒழுங்காகப் பாடம் பண்ணியவருக்கு பைரவி ராகம் எப்படி நடக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஏறும்போது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம் என்பதெல்லாம் கை தானாகச் செய்யும். வர்ணத்தில் ஒரு ஸ்வரம்கூட இஷ்டத்துக்கு மாற்ற இடமில்லை. பிறகு அதே ராகத்தில் இஷ்டத்துக்குப் பாட வைப்பதும் அதே வர்ணம்தான். மனப்பாடமா மனோதர்மமா என்று நீங்கள் எதிரெதிராக வைத்தது ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

கடைசியாக நீங்கள் கேட்டது, பெரியவனான பிறகு புத்தகத்தை வைத்துக் கற்க முடியுமா என்று. புத்தகத்தை மட்டும் வைத்து முடியாது. புத்தகத்தையும் காதையும் வைத்துக்கொண்டு ஓரளவு போகலாம், ஒரு ஆசிரியரும் இருந்தால் நன்றாகவே போகலாம், வயது ஒரு தடையே இல்லை. தோடியை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிடுங்கள், அது பிறகு தானாக வரும். பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணம், நின்னுகோரி, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் பாடிய ஒலிப்பதிவுகளைத் தேடி, புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கேளுங்கள். எந்த ஸ்வரத்தில் அசைகிறார்கள், எங்கே வழுக்குகிறார்கள், எங்கே அசையாமல் நிற்கிறார்கள் என்று பென்சிலால் உங்களுக்குப் புரிகிற குறியைப் போட்டுக்கொள்ளுங்கள், அது சுப்பராம தீட்சிதரின் குறியாக இருக்க வேண்டியதில்லை. மூவரும் ஒன்றாகச் செய்யும் இடங்களை முதலில் பிடியுங்கள், வேறுபடும் இடங்களில் இப்போதைக்கு ஒருவரை மட்டும் பின்பற்றுங்கள், மூன்றையும் கலக்க வேண்டாம். கீபோர்டை சுருதிக்கு மட்டும் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பாடுங்கள், குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. வர்ணம் இரண்டு காலத்திலும் தாளம் தப்பாமல் வந்த பிறகு, சமத்தில் எடுக்கும் ஒரு மோகனப் பாட்டின் பல்லவியை வைத்துக்கொண்டு அரை ஆவர்த்தனம் ஸ்வரம் போட்டுப் பாருங்கள். முதலில் வர்ணத்தில் வரும் கோவைகளே திரும்பத் திரும்ப வரும், வரட்டும், அப்படித்தான் எல்லோருக்கும் ஆரம்பிக்கிறது. அரை ஆவர்த்தனம் பத்து தடவை பிசகாமல் சமத்தில் வந்து சேர்ந்த பிறகு ஒரு ஆவர்த்தனத்துக்குப் போகலாம். எந்த இடத்தில் இடறுகிறது என்று எழுதுங்கள், அந்த இடத்தை எப்படிப் பிரித்துப் பழகுவது என்று சொல்கிறேன்.